நகல்: துறைத் தலைவருக்கு

என் மகள் தென்காசியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு விலங்கியல் படிக்கிறாள். நான் ஆலங்குளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவில் இருக்கிறேன். வருகிற கடிதத்துக்கு எண் போடுவது, போகிற கடிதத்துக்கு எண் போடுவது, பதில் வராத கடிதத்துக்கு நினைவூட்டு எழுதுவது. இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. அந்த வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்ததால் அவளுக்கு ஒரு வருடம் போயிற்று. டைரி எழுதும் பழக்கம் இருப்பதால் கிழமையும் நேரமும் என்னிடம் சரியாக இருக்கின்றன. மற்றவை பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவளுடைய பேராசிரியை குற்றாலத்து ஓடைகளில் கல்லுக்கு அடியில் வாழும் பூச்சிகளை ஆராய்கிறவர். கல்லைப் புரட்டி, ஒட்டியிருக்கும் புழுக்களைச் சேகரித்து, எந்த வகை எத்தனை என்று எண்ணினால் தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். பட்டப் படிப்பு மாணவர்களில் இரண்டு பேரை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை சேர்த்துக்கொள்வார். ஓடைக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். அந்தப் பட்டியலில் இரண்டு மாணவர்களுக்குத்தான் இடம். முதலாண்டில் ஒரு நாள், மணலைத் தன்மேல் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்ட ஒரு புழுவை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மகளுக்கு வீட்டில் வேறு பேச்சு இல்லை. அந்த இரண்டில் ஓர் இடம் அவளுக்கு வேண்டும். அவள் வாய்விட்டு எதையும் கேட்பது குறைவு. இதைக் கேட்டாள்.

ஜூன் இரண்டாவது வாரம், திங்கட்கிழமை மாலை. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வர ஆறே முக்கால். சாரல் தொடங்கியிருந்தது, சேலையின் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

“யம்மா, மேடத்துக்கு மெசேஜ் போடப் போறேன். சரியா இருக்கான்னு பாரு.”

‘ஹாய் மேம்’ என்று தொடங்கி இரண்டு வரி எழுதியிருந்தாள்.

“ஏட்டி, மேடத்துக்கிட்ட போயி ஹாய்ங்கியே. உன் கூடப் படிக்கவளா அவங்க?”

“எல்லாரும் அப்படித்தாம்மா போடுதாங்க.”

“எல்லாரும் போட்டா நீயும் போடணுமா. இங்கன குடு.”

ஈரச் சேலையோடு உட்கார்ந்து நானே எழுதிக் கொடுத்தேன். பெருமதிப்பிற்குரிய அம்மா, பொருள், பார்வை, கனிவுடன் பரிசீலிக்குமாறு. அவள் படித்துவிட்டு, “இது பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்த மாதிரி இருக்கும்மா” என்றாள். கடைசியில் அதில் பாதியைத்தான் அனுப்பினாள். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: ‘சனி காலை 6.30. செருப்பு வேண்டாம், கேன்வாஸ் ஷூ.’ சேர்த்துக்கொண்டேன் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அவள் அதை நாலு தடவை படித்தாள். நான் இரண்டு தடவை.

மூன்று பேர் போனார்கள். நாலு வாரம் பார்த்துவிட்டு இரண்டு பேரை எடுப்பதாகப் பேராசிரியை சொன்னாராம். சனிக்கிழமை தோறும் ஐந்தே முக்கால் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். சீசன் நேரம், அந்த நேரத்திலேயே பஸ்ஸில் துண்டும் எண்ணெய் வாடையுமாகக் குளிக்கப் போகும் கூட்டம். அவர்கள் சோப்பு போடுவதற்கு முன் கல்லைப் புரட்டிவிட வேண்டும் என்பதால்தான் ஆறரை மணி. பத்தரைக்கெல்லாம் கல்லூரி ஆய்வகத்துக்குத் திரும்பி, மாலை வரை எண்ணுவார்கள். ஆளுக்கு ஒரு நோட்டு. ஓடையில் பார்த்ததை அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வாரம் அந்த நோட்டை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தண்ணீர் பட்டு ஊதி, ஓரமெல்லாம் சேறு. எழுத்து கோணல்மாணல். வலப்பக்கம்தான் எழுதியிருந்தாள், இடப்பக்கம் வெற்று. ஒரே ஒரு இடத்தில் இடப்பக்கம் பென்சிலில் ‘கல்லின் அளவு?’ என்று இருந்தது.

“இது யாரு எழுதினா?”

“மேடமா இருக்கும். தெரியல.”

“இதையா மேடம் பாக்குதாங்க? வெக்கமா இல்லையாட்டி உனக்கு?”

“லேபுல எல்லா நோட்டும் இப்படித்தாம்மா இருக்கு. அங்கனயே மேசையில போட்டுட்டு வந்துருவாங்க.”

“நீ போடாத. வீட்டுக்குக் கொண்டா. அழகா ஒரு நோட்டுல எழுதி, அதைக் காட்டு. எண்ணிக்கைய ஈமெயில்ல அனுப்பு. அனுப்பினதுக்கு ஆதாரம் இருக்கும்லா.”

எங்கள் அலுவலகத்தில் பென்சில் குறிப்பு கோப்பில் சேராது. சுத்தப் பிரதி எடுத்ததும் அழித்துவிடுவோம். அன்று அவளைச் சுத்தப் பிரதி எடுக்கச் சொல்லி, பென்சில் வரியை விட்டுவிடச் சொன்னேன். பிரவுன் அட்டை நானே போட்டேன். முதுகு வலித்தது. ஒழுங்காக ஒரு காரியம் செய்த நிம்மதியும் இருந்தது என்பதை மறைக்க வேண்டாம்.

அதிலிருந்து நோட்டு அவள் பையில்தான் இருந்தது. எண்ணிக்கையை அட்டவணையாக்கி ஈமெயிலில் அனுப்பினாள். பதில் இல்லை. அடுத்த வாரம், முந்தியதை நினைவூட்டி, மறுபடியும் அனுப்பினாள். பதில் இல்லை. ஆய்வகத்தில் பேராசிரியை வருவார், மற்ற இருவரிடமும் இரண்டு வார்த்தை பேசுவார், இவளைப் பார்த்துத் தலையசைப்பார், போய்விடுவார். நேரே கேளேன் என்றால், “எப்படிம்மா கேக்க? அவங்க எப்பவும் வேலையாவே இருக்காங்க” என்றாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

நான்காவது வாரம். பட்டியல் எந்த நேரமும் போகலாம் என்று கூடப் படிக்கும் பெண் சொன்னாளாம். என்னைக் கேட்டாள். எனக்குத் தெரிந்தது ஒரு வழிதான். பதில் வராத கடிதத்துக்கு ஏழு நாளில் நினைவூட்டு. ஏற்கெனவே ஒன்று அனுப்பியாகிவிட்டது. இரண்டாவது நினைவூட்டில் மேலதிகாரிக்கு நகல். திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு, எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், நின்றுகொண்டே சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். கடைசியில், “துறைத் தலைவர் மேடத்துக்கும் ஒரு காப்பி போடு” என்றேன்.

“அவங்களுக்கு எதுக்கும்மா?”

“தகவலுக்குத்தான். நீ அனுப்பினது பதிவுல இருக்கும்லா. நாளைக்கு ஒண்ணுன்னா உனக்குத்தான் நல்லது.”

“வேண்டாம்மா.”

“நான் சொல்லுததைக் கேளு. எத்தனை வருசமா இதைச் செய்யுதேன்.”

அனுப்பினாள். நான் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்குப் போடாமல் படுத்திருந்தாள். தலைவலியா என்று கேட்டேன். இல்லை என்றாள். காபி கொடுத்தேன், ஆறிப்போனது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். துறைத் தலைவர் பேராசிரியையைக் கூப்பிட்டு, மாணவிக்கு ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார். பேராசிரியை ஆய்வகத்துக்கு வந்து, மற்ற இருவரும் இருக்கும்போதே, சத்தம் போடாமல் சொல்லியிருக்கிறார்: “மேலே விளக்கம் கொடுத்துட்டேன்மா. உனக்குத் தனியா வேணும்னாலும் எழுதிக் கொடுக்கறேன்.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல.”

“அம்மாதான் எழுதச் சொன்னான்னு சொல்ல வேண்டியதுதான?”

அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமைக்கு வரச் சொல்லி அவளுக்குத் தகவல் வரவில்லை. மற்ற இருவருக்கும் வந்தது.

என் பிரிவில் எதிர் மேசையில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். ஓய்வு பெற எட்டு மாதம். எந்தக் கோப்பையும் மூடும்போது ஒரு பெருமூச்சு விடுவார். அவரிடம் வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். டப்பாவை மூடிவிட்டுச் சிரித்தார்.

“வாத்தியாரம்மாவுக்கே ரெண்டாவது நினைவூட்டா? அடுத்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் அனுப்பிருவிய போலுக்கு.”

“தகவலுக்குத்தான் அண்ணாச்சி போட்டோம்.”

“எம்மா, என்கிட்டயே சொல்லுதிய பாருங்க. தகவலுக்குன்னு எழுதுவோம், சரி. யாருக்கு எழுதுதோம்? பதில் போடாதவன் தலையில கொட்டக் கூடியவனுக்குத்தான எழுதுதோம். போன வருசம் உங்க பேருல ஒரு நகல் மேல போச்சே, அன்னைக்கு நீங்க சாப்பிட்டியளா?”

சாப்பிடவில்லை. அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு கடிதத்துக்கு எண் போட நான் தாமதித்தேன் என்று எழுதி, அடியில் மேலதிகாரி பெயரையும் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒரு வாரம் அந்த நகலை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருந்தேன். அதே வரியைத்தான் மகளின் கையால் தட்ட வைத்தேன். இத்தனை வருடத்தில் எத்தனை நகலுக்கு எண் போட்டிருப்பேன், ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்த வீட்டில் யார் சாப்பிடவில்லை என்று நினைத்ததே கிடையாது. நினைக்கவும் தெம்பில்லை. ஆலங்குளத்திலிருந்து வீடு வந்து சேருவதற்கே சரியாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். மகளிடம் சொல்லவில்லை. அவளுக்கு அந்த நேரம் வேறு கட்டடத்தில் வகுப்பு என்று நேர அட்டவணையில் பார்த்து வைத்திருந்தேன். ஆய்வகத்துக்கு வெளியே நாற்பது நிமிடம் நின்றேன். பேராசிரியை வந்தார். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். கையில் ஈர வலை. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

“உள்ள வாங்க. உக்காருங்க. யாரோட அம்மாங்க?”

சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. வலையை ஆணியில் மாட்டினார்.

“அந்த மெயில் நான் எழுதச் சொன்னது மேடம். நகல் போடச் சொன்னதும் நான்தான். அவ வேண்டாம்னா.”

“உங்க பொண்ணு அதைச் சொல்லலீங்களே.”

“அவ சொல்ல மாட்டா.”

கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேசையைக் காட்டினார். இரண்டு நோட்டுகள் கிடந்தன. ஊதி, ஓரம் சுருண்டு, சேறு படிந்து. ஒன்றைத் திறந்தார். வலப்பக்கம் ஒரு பிள்ளையின் பேனா எழுத்து. இடப்பக்கம் முழுக்கப் பென்சில். கேள்வி, திருத்தம், அம்புக்குறி, ஓர் இடத்தில் ‘நல்லா இருக்கு’.

“நான் மெயில்ல யாருக்கும் பதில் போடறதில்லைங்க. மத்தியானம் வந்து இதுல எழுதி வெச்சிருவேன். அவங்க வந்து பாத்துக்குவாங்க. இந்த லேபுல இதுதான் பேச்சு. உங்க பொண்ணு நோட்டு ரெண்டாவது வாரத்துக்கப்புறம் மேசையில இல்ல. சரி, ஆர்வம் கொறைஞ்சிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன்.”

“நோட்டை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னதும் நான்தான் மேடம்.”

அவர் சிரித்தாற்போல இருந்தது. சிரிப்பாக இல்லாமலும் இருக்கலாம். “நானும் கேட்டிருக்கணும்” என்றார். “மூணு பேர்ல ரெண்டு பேரு நோட்டு வெச்சாங்க, ஒருத்தி வெக்கல. ஏன்னு கேக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு வரலீங்க. இந்த செமஸ்டருக்கு எனக்கு நாலு பேப்பர்.”

அவரும் களைத்துத்தான் இருந்தார். அதைப் பார்த்தபோது எனக்குக் கோபமும் வரவில்லை, ஆறுதலும் வரவில்லை. பட்டியலைப் பற்றிக் கேட்டேன்.

“புதன்கிழமை போயிருச்சுங்க. அதுல மாத்த முடியாது. இந்த வருஷம் அவ ஓடைக்கு வர முடியாது.” நிறுத்தி, “எண்ணறதுக்கு ஆள் வேணும். மத்த ரெண்டு பேரும் கொண்டுவர்றதை இங்க உக்காந்து எண்ணலாம். பேர் எதுலயும் வராது. வேணும்னா அவ வந்து கேக்கட்டும். நீங்க சொல்லி வேண்டாம்” என்றார்.

எழுந்தேன். கை கூப்பினேன்.

வீட்டில் அன்று மாலை நான் வாயைத் திறக்கவில்லை. ‘வந்து கேக்கட்டும்’ என்பதை மட்டும் சொல்லிவிடலாமா என்று பலமுறை தோன்றியது. அதைச் சொன்னால் அதுவும் நான் எழுதிக் கொடுத்ததாகிவிடும். சொல்லாவிட்டால் அவள் போகாமலே இருந்துவிடலாம். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை ஐந்தே முக்கால் பஸ் அவள் இல்லாமல் போயிற்று. அவள் எழுந்துதான் இருந்தாள். ஷூவைக் கழுவி வெயில் இல்லாத மொட்டைமாடியில் காயப்போட்டாள்.

செவ்வாய்க்கிழமை வரை அப்படியே போனது. அன்று ஏழு மணி தாண்டி வந்தாள். பையை வைத்துவிட்டு என் முன்னால் நின்றாள்.

“நீ லேபுக்குப் போனியாம்மா?”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. நான் இன்னைக்கு மேடத்தப் பாக்கப் போனேன். வந்து எண்ணட்டுமான்னு கேட்டேன். நான் பேசி முடிக்குததுக்குள்ள சரின்னுட்டாங்க. அதான் கேக்குதேன்.”

“போனேன்.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அன்றைக்கே உட்கார்ந்து, மாலை முழுக்க நுண்ணோக்கி முன் குனிந்திருந்த கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“ஓடைக்குப் போனவ எடுத்த கல்லுல அறுபத்திமூணு புழு இருந்துச்சு” என்றாள். “நான் எடுத்திருந்தா எந்தக் கல்லுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கும். இப்ப வெறும் டப்பாதான் வருது.”

“அடுத்த வருசம் பட்டியல்ல...”

“யம்மா.”

நிறுத்திக்கொண்டேன்.

“இனி மேடத்துக்கிட்ட நான் பேசிக்கிடுதேன். தப்பாப் பேசினாலும் நானே பேசிக்கிடுதேன். என்ன?”

“சரி.”

தோசை ஊற்றினேன். நாலு சாப்பிட்டாள். நாளைக்கு ஏழரைக்கே கிளம்ப வேண்டும் என்றாள். மேடம் என்ன சொன்னார், எத்தனை நாள் இந்த எண்ணிக்கை, பெயர் இல்லாத வேலைக்கு ஏதாவது சான்று தருவார்களா என்று கேட்க நிறைய இருந்தது. அலாரம் வைக்கட்டுமா என்று மட்டும் கேட்டேன். தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.