மஞ்சளில் அரக்குக் கரை

மீசைக்கு டை அடிக்கும் பிரஷை என் கணவர் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். அது மொட்டைமாடியில் என் கையில் இருந்தது. அதன் மயிரில் முக்கால்வாசியை நான் ஏற்கெனவே கத்தரித்துவிட்டிருந்தேன்.

அமீரகத்தின் புஜைராவில் நாங்கள் இருப்பது பழைய கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு மூலை பிடித்து அடினியம் வளர்க்கிறேன். பாலைவன ரோஜா என்று நர்சரிக்காரர்கள் சொல்வார்கள். அடி பருத்து, கிளை மெலிந்து, சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்த ஆள் மாதிரி இருக்கும். இந்த ஊர் வெயிலைப் பற்றி ஒரு குறையும் சொல்லாத உயிர், எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.

என்னிடம் ஒரு மஞ்சள் பூச்செடியும், கறுப்போ என்று நினைக்கவைக்கும் கடுஞ்சிவப்புச் செடி ஒன்றும் இருந்தன. இரண்டையும் கலந்து, மஞ்சளில் அரக்குக் கரை போட்ட பூ ஒன்றை உண்டாக்கவேண்டும் என்பது என் ஆசை. நான் கட்டின முதல் பட்டுச்சேலை அந்த நிறம். சேலை யாழ்ப்பாணத்தில் அம்மாவின் அலுமாரியில் கிடக்கிறது, இனி இடுப்பில் நிற்காது. பூவாவது வரட்டும்.

சொல்லச் சுலபம். அடினியப் பூ தன் மகரந்தத்தை உள்ளே ஒரு சிறு கூம்புக்குள் பூட்டிவைத்திருக்கும். இதழைக் கிழித்து, கூம்பைப் பிரித்து, சிவப்பிலிருந்து மகரந்தத்தைத் தொட்டெடுத்து, மஞ்சளின் கூம்பில் இருக்கும் மயிரிழை இடுக்கு வழியாக உள்ளே விடவேண்டும். அதற்கு நாலைந்து மயிர் மட்டும் உள்ள பிரஷ் தேவை.

"இஞ்சருங்கோ, கோவிக்கக் கூடாது. உங்கட பிரஷ் என்னட்டைத்தான் இருக்கு" என்றேன், கீழே இறங்கி வந்து.

"என்னத்துக்கு?"

"பூவுக்கு மகரந்தம் பூசினனான்."

அவர் பிரஷை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உமக்கு விசர் முத்திட்டுது" என்று சொல்லிவிட்டு, அந்த நாலு மயிரை வைத்தே சமாளிக்கப் பார்த்தார். ஒரு பக்கம் கறுத்ததும் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் டெர்மினலில் அவர் ஸ்டோர் கீப்பர். அன்றைக்கு அங்கே எல்லோரும், "பாய், மறுபக்கம் எப்போ?" என்று ஹிந்தியில் கேட்டார்களாம்.

அந்த வசந்தத்தில் நிறையப் பூக்களுக்குக் கலியாணம் செய்துவைத்தேன். பெரும்பாலானவை மறுநாளே வாடி விழுந்தன. கடைசியில் மஞ்சள் செடியில் ஒரு பூ மட்டும் காய் பிடித்தது. அடினியத்தின் காய் இரட்டைக் கொம்பு மாதிரி, ஆட்டுக்கிடாயின் தலையில் இருப்பதுபோல வளரும். முற்றினால் தானாக வெடிக்கும். உள்ளே இருக்கும் விதைகளுக்கு இரண்டு முனையிலும் பஞ்சுக் குஞ்சம் உண்டு. காற்று வந்தால் போயே போய்விடும். ஆகவே காய்க்கு வெள்ளைத் துணியில் உறை தைத்து, சிவப்பு நூலால் கட்டினேன். எந்தப் பூவுக்கு எந்தப் பூ என்று சிறு அட்டைகளில் எனக்கு மட்டும் விளங்கும் குறிகளில் எழுதித் தொங்கவிட்டேன்.

எங்கள் வாட்ச்மேன் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். மொட்டைமாடிச் சாவியும் தண்ணீர்க் குழாயின் பூட்டும் அவர் பொறுப்பு. குழாயைத் திறந்துவிடச் சொல்லி நான் அவரோடு பல தடவை சண்டை பிடித்திருக்கிறேன். ஒருநாள் மாலை அவர் செடிகளுக்கு எட்டவே நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்கோ தம்பி."

"இது யாருக்கு?"

"யாருக்கோ? எனக்குத்தான்."

அவர் முகம் வெளிறிவிட்டது. "ஒங்களுக்கேவா? தனக்குத் தானே யாராச்சும் வைப்பாங்களாக்கா?"

அப்போதுதான் விளங்கியது. சிவப்பு நூல், வெள்ளைத் துணி முடிச்சு, புரியாத எழுத்து. போதாததற்கு, நான் விடியக்காலையில் முழுகிவிட்டு ஈரத் தலையை விரித்துப்போட்டபடி வந்து, குனிந்து ஏதோ முணுமுணுப்பதையும் அவர் பார்த்திருக்கிறார். செய்வினை என்றே முடிவு கட்டிவிட்டார்.

"ஐயோ தம்பி, இது பூவுக்குக் கலியாணம். மஞ்சள் பொம்பிளை, சிவப்பு மாப்பிளை. உள்ளுக்கை இருக்கிறது பிள்ளையள்."

"பூவுக்குக் கல்யாணம்" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "சரிக்கா." ஒரு சொல்லையும் நம்பாமல் படியிறங்கினார். மறுநாள் காலையில் குழாய் பூட்டப்படாமல் இருந்தது. அதற்குப் பிறகு நான் கடந்து போனால் கதிரையை விட்டு எழுந்து நின்றார்.

சுகமாகத்தான் இருந்தது, ஊரில் அவர் மனைவிக்குக் காய்ச்சல் வரும்வரை.

அது ஒரு சனிக்கிழமை. மலைப்பக்கமிருந்து சூட்டுக் காற்று வீசிக்கொண்டிருந்தது. குசினி யன்னலுக்கு வெளியே ஏதோ வெள்ளையாகப் பறந்தது. பிறகு இன்னொன்று. "இஞ்சருங்கோ, பிள்ளையள் பறக்குது!" என்று கத்திக்கொண்டு மேலே ஓடினேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதால் கணவர் குழம்பிப்போய், கட்டியிருந்த சாரத்தோடும் கையில் இருந்த சோறு வடிக்கும் பாத்திரத்தோடும் பின்னால் ஓடிவந்தார்.

உறையையும் காணோம், நூலையும் காணோம். காய் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தது. விதைகள் மாடி முழுக்க வட்டமிட்டன. நான் துப்பட்டாவை வீசிப் பிடித்தேன். கணவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தொட்டிகளைச் சுற்றி ஓடினார். சில விதைகள், கீழ்த்தளத்துப் பெஷாவர்க்காரர் காயப்போட்டிருந்த சல்வாரில் ஒட்டிக்கொண்டன. கணவர் அதைத் தடவித் தடவிப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது அந்தச் சல்வாரின் சொந்தக்காரரே வந்து நின்றார்.

"க்யா ஹுவா பாய்?" என்ன நடந்தது என்று கேட்டார்.

"ஃபூல், பாய், ஃபூல்" என்று பூவின் ஹிந்திப் பெயரைச் சொன்னார் என் கணவர். அவருடைய ஹிந்தி அதற்கு மேல் போகாது. அந்த மனிதர் எங்கள் இருவரையும் பார்த்தார், சல்வாரை எடுத்துக்கொண்டார், போய்விட்டார்.

கையில் அகப்பட்டது கொஞ்சம். மிச்சம் மதிலைத் தாண்டிப் பக்கத்து வில்லா முற்றத்துக்குள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். கட்டடச் சொந்தக்காரரின் தாயார் குடியிருக்கும் வீடு அது. நாங்கள் எல்லோரும் அவரை உம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

வாட்ச்மேன் தானே வந்து ஒப்புக்கொண்டார். எல்லாவற்றையும் அவிழ்த்துக் கடலில் போட்டுவிட்டாராம்.

"மன்னிச்சிருங்கக்கா. ஆனா பாருங்க, கழட்டினதுமே வீட்டுக்காரிக்குக் காய்ச்சல் விட்டுருச்சு."

நான் விதைச்சட்டிகளில் மண் நிரப்பப் போனேன்.

பிடித்த விதைகளை விதைத்தேன். சூட்டுக்கு மளமளவென்று முளைத்தன. அடுத்த வசந்தத்தில் முதல் மொட்டு விரிகிற அன்று கணவரும் கூடவே வந்து நின்றார். விரிந்தது. இளஞ்சிவப்பு. இந்த நாட்டில் எந்தப் பெற்றோல் நிலையத்து வாசலிலும் நிற்கும் அதே இளஞ்சிவப்பு. அடுத்ததும் அதுவே. அதற்கடுத்ததும்.

"இதுக்கோ நான் என்ர மீசையைக் குடுத்தனான்?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. அந்த வாரமே வாட்ச்மேன் ஓடிவந்து தன் போனைக் காட்டினார். உம்மா வீட்டு முற்றத்தில், பேரீச்சை மரத்தின் அடியில் எடுத்த படம். மஞ்சள் பூ. ஓரமெல்லாம் சீராக, ஊசியால் இழைத்தது போல, அரக்கு.

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். உம்மா முற்றத்தில் நாற்காலி போட்டுச் செடிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் பேசுவது அரபியும் ஹிந்தியும் கலந்த பேச்சு. எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன்.

"உம்மா, இது என்னுடைய செடி. என் மாடியிலிருந்து விதை வந்தது."

"மாஃபி, இல்லை" என்றார். "வானத்திலிருந்து வந்தது. நான் பார்த்தேன். இறங்கி வந்தது."

"என் மாடியும் மேலேதானே இருக்கிறது?"

"உன் மாடிக்கு மேலே என்ன இருக்கிறது?"

வானம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அடினியத்தில் அதே பூவை விதையால் பெறமுடியாது. ஒரு கிளையை வெட்டி வேறு செடியில் ஒட்டவேண்டும். விரல் நீளத்துக்கு ஒரு கிளை போதும் என்று கெஞ்சினேன். கத்தி என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு கைகளையும் செடிக்குக் குறுக்கே நீட்டினார். "கலாஸ், முடிந்தது. கஹ்வா குடி."

அந்த அரபிக் கோப்பியைப் பேரீச்சம்பழத்தோடு குடித்தேன். மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும். பார்க்க விடுவார், தொட விடமாட்டார். பேரீச்சம்பழம் தின்று தின்று எனக்குச் சீனி வருத்தம் வரப்போகிறது என்று கணவர் சொன்னார்.

கோடையில் உம்மா முழங்கால் வைத்தியத்துக்கு மகனோடு ஜெர்மனிக்குப் புறப்பட்டார். போகுமுன் என்னைக் கூப்பிட்டு, செடியைப் பேரப்பிள்ளையைத் தருவதுபோல ஒப்படைத்தார். வெட்டக்கூடாது என்று மூன்று தரம் சத்தியம் வாங்கினார். அந்தக் கோடை முழுக்க நான் தினமும் போய்த் தண்ணீர் ஊற்றினேன். வீட்டை விட்டுப் போகும்போதெல்லாம், பையில் கத்தி இருக்கிறதா என்று கணவர் சோதித்துத்தான் அனுப்பினார்.

வெயில் தணிந்தபோது உம்மா திரும்பி வந்து, காரிலிருந்து தானாகவே இறங்கி நடந்தார். நேரே செடியிடம் போனார். அது ஒல்லியும் உயரமுமாகக் கன்னாபின்னாவென்று வளர்ந்திருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார்.

"என்ன செய்து வைத்திருக்கிறாய்? ஏன் வெட்டவில்லை?"

"நீங்கள்தானே உம்மா..."

"யல்லா, வெட்டு. பிச்சைக்காரன் தலை மாதிரி இருக்கிறது."

வெட்டினேன். விழுந்த கிளைகளை எல்லாம், குப்பையை அள்ளுகிற அவசரத்தில், என் துப்பட்டாவில் அள்ளிக்கொண்டேன். அன்றைக்கே பழைய இளஞ்சிவப்புச் செடிகளின் தலைகளைச் சீவி, ஒவ்வொன்றிலும் ஒரு கிளையை வைத்துக் கட்டினேன். சில அழுகின. சில பிடித்தன. பிடித்ததில் முதலாவது, குளிர்காலம் முடிகிற நேரம் மொட்டு வைத்து விரிந்தது. மஞ்சளில் அரக்குக் கரை. கணவர் குனிந்து பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு" என்றார். அவர் வாயில் அது பெரிய வார்த்தை.

உம்மாவுக்கும் காட்டவேண்டும் என்று தோன்றியது. புது முழங்காலோடு, வாட்ச்மேன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடிக்க, மாடிப்படி ஏறி வந்தார். பூவைக் கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்.

"நல்லாயிருக்கிறது. ஆனால் என்னுடையது இதைவிட அழகு."

"உம்மா, இரண்டும் ஒரே செடி. உங்களுடையதன் கிளைதான் இது."

"இல்லை, என்னுடையது அழகு" என்று சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினார்.

மறுநாள் மதிலுக்கு மேலால் எட்டி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி மாதிரித்தான் பட்டது.