டிரைவர் பக்கத்துக் காற்று

பழிவாங்கப் போன இடத்தில் எதிராளிக்கு ஒரு சொட்டு வேர்த்தால் எனக்கு இரண்டு சொட்டு வேர்த்தது. இந்த அவமானத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இப்போது என்னிடம் இருக்கும் வாடகைக் காரில் முன்பக்கப் பெட்டியைத் திறந்தால், ஆர்.சி. புத்தகத்துக்கும் இன்சூரன்ஸ் தாளுக்கும் நடுவே நாலாக மடித்த ஒரு பழுப்பு அட்டை கிடக்கும். தீப்பெட்டி பண்டல் கட்டுகிற அட்டை. மடிப்பு ஓரங்கள் நைந்து துணி மாதிரி ஆகிவிட்டன. போலீஸ்காரர் பேப்பர் கேட்கும்போதெல்லாம் அதுதான் முதலில் கையில் வரும். ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது என்ன?” என்றார். “என் படிப்புச் சர்டிபிகேட் சார்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை என்பதுதான் உண்மை.

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி முதலாளியிடம் கார் ஓட்டினேன். முதலாளி அதிகம் வெளியே போகிறவர் அல்ல. முக்கால்வாசி நாள் காரில் ஏறி இறங்கியவர் அவருடைய மச்சினர். கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர். காரில் ஏசி இருந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் ஏசி வைத்த கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகையால் மேனேஜர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைத்தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகுதான் தூத்துக்குடி ரோட்டில் திரும்பச் சொல்வார்.

ஒரு மாசி மாத மத்தியானம், தூத்துக்குடியில் ஒரு லாரி ஆபீஸ் வாசலில் அவருக்காகக் காத்திருந்தேன். எஞ்சினை ஓட விட்டு, ஏசியைப் போட்டு, சும்மா கண்ணை மூடியவன் நிஜமாகவே தூங்கிவிட்டேன். கண்ணாடியில் மோதிரக் கையால் தட்டும் சத்தம் கேட்டு விழித்தால், மேனேஜரும் அவர் பின்னால் லாரி ஆபீஸ் ஆட்கள் நாலைந்து பேரும் நின்றார்கள். “ஏலே, டீசல் என்ன ஒங்கப்பன் கெணத்துல ஊறுதோ?” என்றார். அவர்கள் சிரித்தார்கள். அத்தோடு விட்டிருந்தால் நானும் மறந்திருப்பேன். சாம்பிளுக்காகக் கொண்டுவந்த பண்டலில் இருந்து அட்டையைக் கிழித்தார். நாலாக மடித்தார். குனிந்து, என் முகத்துக்கு நேராக இருந்த ஏசி வாயில் அதைச் செருகினார். “ஒனக்கு எதுக்குலே குளிரு? குளுந்தா தூங்கிருவ. இந்தக் காத்தும் பின்னால வரட்டும்.”

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பின்சீட்டில் ஏறியதும் முன்னால் எட்டி அட்டையைச் செருகுவார். முதலாளி வருகிற நாட்களில் மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அந்த ஏசி வாயில் இரண்டு பட்டை ஒடிந்திருந்ததால் சில நாள் அட்டை பிடிபடாமல் உள்ளே நழுவிவிடும். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. தீப்பெட்டிக் கம்பெனியில் அட்டைக்கா பஞ்சம்? மறுநாள் புதிது வரும்.

பட்டினி போட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். முகத்துக்கு வருகிற காற்றைப் பிடுங்கியது உள்ளே கங்காய்க் கிடந்தது. வேலையை உதறிவிட்டுப் போயிருக்கலாம். அதற்குத் தைரியம் வேண்டும். எனக்கு இருந்தது சாமர்த்தியம் மட்டும்தான், அதுவும் இரவல்.

அந்தச் சாமர்த்தியம் பாயிடம் கற்றது. பாய் என்பது எட்டயபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த ஏசி மெக்கானிக். என் வயதுதான் இருக்கும். எங்கள் காருக்கும், கிராமங்களில் இருந்து பெண்களை வேலைக்கு ஏற்றி வரும் கம்பெனி வேன்களுக்கும் வயரிங் வேலை அவர்தான். வேன் வேலையை நம்பித்தான் அந்தப் பட்டறை நின்றது. நான் போனால் வேலையை நிறுத்திவிட்டு டீ சொல்வார். “ஏசி ரிப்பேருன்னா மொதல்ல காது, அடுத்தது கை, கேஜு கடைசிதான்வே” என்பார். ஏசியைப் போடச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடி நிற்பார். கம்ப்ரசர் பிடிக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அது வந்ததும் தலையாட்டுவார். பிறகு இரண்டு குழாயையும் வைத்தியர் நாடி பார்ப்பதுபோலத் தொடுவார். ஒருநாள் கம்ப்ரசருக்குப் போகும் வயரையும், அதை நடுவில் இணைக்கிற சின்னக் கப்ளரையும் காட்டி, “இந்த ஒத்த வயருலதான் உயிரு இருக்கு. இது கழண்டா காத்து வரும், குளிரு வராது” என்றார். நண்பனுக்குச் சொன்னதாக நினைத்துச் சொன்னார்.

மறுவாரமே கப்ளரைக் கழற்றினேன். மேனேஜர் ஏறினார், அட்டையைச் செருகினார், சாய்ந்தார். எட்டயபுரம் தாண்டுவதற்குள் பின்னால் அசைவு தொடங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். நெற்றிச் சந்தனம் கரைந்து புருவத்தில் இறங்கியிருந்தது. கழுத்துப் பவுடர் குழைந்து பசையாகி, சட்டைக் காலரில் ஒட்டியிருந்தது. “என்னலே, அனலாட்டம் வருது?” என்றார். “தெரியல சார், ஏசி போயிருச்சு போல.” அந்த ஒரு வரியைச் சொல்லும்போது எனக்கு வந்த சுகம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசலில் இருந்து வெக்கை எழும்பிக்கொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினால் கறுப்புப் புழுதி, ஏற்றினால் இட்லிக் கொப்பரை. என்ன, எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். திட்டம் போட்டபோது இந்தச் சின்ன விஷயத்தை யோசிக்கவில்லை. என் முதுகில் கிளம்பிய வேர்வை செருப்பு வரைக்கும் இறங்கியது. ஆனாலும் கண்ணாடியைப் பார்ப்பதை நான் நிறுத்தவில்லை.

திரும்பியதும் பாயைக் கூப்பிட்டார்கள். பாய் வருவதற்குள் கப்ளரை மாட்டிவிட்டேன். பாய் கேட்டார், தொட்டார், கேஸ் அழுத்தம் காட்டும் கேஜையும் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. காரைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் மேனேஜர் மீண்டும் வெந்தார். பாய் மீண்டும் வந்தார். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, முட்டை விடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது தடவை ஒரு வயரை மாற்றினார். நாலாவது தடவை, சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், கேட்டருகே மேனேஜர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“தொழில் தெரியலன்னா போர்ட எறக்கு. நல்லா இருக்க சாமான மாத்திட்டு, காசு புடுங்க இப்படியே இழுத்துக்கிட்டு இருக்க. திருடன்னு சொல்லாம வேற என்ன சொல்ல? இனி வேனு எதுவும் ஒன் பட்டறைக்கு வராது.”

பாய் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்து, பையில் வைத்தார். நான் மஞ்சள் துணியோடு காரின் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. வேன் ஜன்னலில் இருந்து ஒரு அக்கா, “டிரைவரே, ஒரே எடத்தத் தொடைக்கியளே, தகரம் தேஞ்சிரப் போகுது” என்றாள். சிரித்து வைத்தேன்.

அதற்குப் பிறகாவது நிறுத்தினேனா என்றால், இல்லை. இனி பாய்க்காகவும் சேர்த்துப் பழிவாங்குகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுநாளும் கழற்றினேன். இதைவிட வெட்கங்கெட்ட சமாதானத்தை நான் யாரிடமும் கேட்டதில்லை. பட்டறைக்குப் போனால் வேன் நிற்கும் இடம் காலியாகக் கிடக்கும். பாய் அப்போதும் எனக்கு டீ சொன்னார். “எங்கயோ எனக்குத் தெரியாத ஒரு கோளாறு ஒளிஞ்சு கெடக்குவே. தூங்கும்போதும் அதே நெனப்பாத்தான் இருக்கு” என்றார். டீ சூடாக இருந்ததால் நான் பேச வேண்டியிருக்கவில்லை.

பங்குனியில் ஒரு கல்யாணத்துக்காக முதலாளி நாகலாபுரம் பக்கம் கிளம்பினார். அவர் பின்னால், மேனேஜர் முன்னால் என் பக்கத்தில். முதலாளி மேல் எனக்குக் கோபம் கிடையாது என்பதால் கப்ளரை ஒழுங்காக மாட்டி வைத்திருந்தேன். மேனேஜரும் அட்டையை எடுத்துப் பையில் போட்டிருந்தார். திரும்பி வரும்போது ரோட்டை அடைத்துக் கொத்தமல்லிச் செடியைக் காயப்போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் அறுப்புக் காலத்தில் இது வழக்கம். போகிற வருகிற வண்டி ஏறி மிதித்தால் மணி தானே உதிரும். மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். மேனேஜர், “என்னலே ஊருத, ஏத்தி மிதி” என்றார். மிதித்தேன். தழையும் தூசியும் முன்பக்கம் பறந்து அடித்தது. கொஞ்ச தூரத்தில் ஏசியில் மல்லி வாசம் வந்தது. அப்புறம் சுடுகாற்று வந்தது.

ஒன்றுக்குப் போவதாகச் சொல்லி இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்தேன். கப்ளர் மாட்டித்தான் இருந்தது. கழற்றி மாட்டினேன். ஊதி மாட்டினேன். மனதுக்குள் கும்பிட்டும் மாட்டினேன். இத்தனை நாள் நான் ஆட்டுவித்த நோய், இப்போது என்னைக் கேட்காமல் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. நான் உண்டாக்காத கோளாறும் இந்தக் காருக்கு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டு வாசலில் இறங்கியபோது முதலாளியின் பட்டுச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. “பாயக் கூப்பிடுங்க” என்றார். “அவன் வேண்டாம் மச்சான், திருட்டுப்பய” என்றார் மேனேஜர். முதலாளி, “மொதல்ல கூப்பிடு மாப்ள” என்றார்.

பாய் வந்தார். ஏசியைப் போடச் சொல்லிக் கண்ணை மூடினார். சூட்டை வெளியேற்றும் முன்பக்கச் சல்லடையில் மூக்கை வைத்து, “என்னவே, ரசம் வைக்கித வாசம் வருது” என்றார். பிறகு பானெட்டுக்குள் குனிந்தார். அங்கே எல்லா வயரும் கரிசல் புழுதி அப்பிக் கறுத்துக் கிடந்தன. ஒரு கப்ளர் மட்டும் கழுவித் துடைத்தது மாதிரி இருந்தது. கழற்றினார்; உள்ளே பித்தளை முனை பளபளவென்று மின்னியது. பாய் அதைப் பார்த்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் வேலை, என் பெயர், என் வாய் எல்லாம் அவருடைய இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது.

பாய் கப்ளரைத் திரும்ப மாட்டிவிட்டு டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். ஏசி வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒடிந்த பட்டை வழியாகக் குறடு ஒன்றை நுழைத்து, மடித்த அட்டையை வெளியே இழுத்தார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. மோடி வித்தைக்காரன் வாயில் இருந்து துணி எடுப்பதுபோல ஏழு அட்டை எடுத்து பானெட்டின் மேல் வரிசையாக வைத்தார்.

“காத்து போற வழிய அடச்சா ஏசி எப்படி அண்ணாச்சி ஓடும்? நான் எத்தன தடவ சரி பண்ணாலும் இப்படித்தான் இருக்கும்.”

முதலாளி ஒன்றைக் கையில் எடுத்தார். “இது நம்ம கம்பெனி அட்டைல்லா? டிரைவரு வச்சானா?”

“தன் மூஞ்சிக்கு வார காத்த எவனாவது தானே அடைப்பானா அண்ணாச்சி?”

முதலாளி திரும்பினார். மேனேஜரின் சட்டைப் பையில் எட்டாவது அட்டை தலையை நீட்டிக்கொண்டிருந்தது. முதலாளி சத்தம் போடவில்லை. “நாளையிலருந்து நீ ஆள் ஏத்துத வேன்ல போ மாப்ள. வேனெல்லாம் பாய் பட்டறைக்குப் போகட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மேனேஜர் வேனில் போனதை நான் பார்த்தேன். ஜன்னலோரம் கேட்டாராம், பெண்கள் விடவில்லையாம். நடுவில் இடுங்கி உட்கார்ந்திருந்தார். மன்னிப்பதில் பெரிய நிம்மதி இருப்பதாகச் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அந்தக் காட்சி போதும். இருபது வருஷத்துக்கு மேலாகியும் நினைத்தால் வாயில் எச்சில் ஊறுகிறது.

மறுநாள் காலை, கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு பாய் பட்டறைக்குப் போனேன். பாய் முந்தின நாளே சல்லடையில் அடைத்திருந்த மல்லித் தழையைத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார். நிஜக் கோளாறு அவ்வளவுதான். “பாய், என்னக் காப்பாத்திட்டீரு” என்றேன். அவர் வேலையை நிறுத்தவில்லை. டீயும் சொல்லவில்லை. “ஒமக்காகச் சொல்லல. ஒம்ம மாட்டிவிட்டா அந்த ஆளு யோக்கியனாயிருவாரு. அதுக்காகத்தான்” என்றார். பிறகு எழுந்து வந்து, ஏழில் ஒரு அட்டையை என் சட்டைப் பையில் செருகினார். மேனேஜர் ஏசி வாயில் செருகிய அதே அழுத்தத்தோடு.

இப்போது என் காரில் டிரைவர் பக்கத்து ஏசி வாய் இரண்டையும் என் முகத்துக்கு நேராகவே திருப்பி வைத்திருக்கிறேன். யாரும் அடைக்க மாட்டார்கள். ஏசி ரிப்பேர் என்றால் மட்டும், உள்ளூரில் பட்டறை இருக்க, தூத்துக்குடி வரைக்கும் வெந்துகொண்டே ஓட்டிப் போகிறேன். அட்டையைத் தூக்கிப் போடவும் கை வரவில்லை. அன்றைக்கு அதைச் செருகிவிட்டு, பொட்டலத்தையும் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாய் சொன்னார்:

“அவரு தெரியாம என்னத் திருடன்னாரு. நீரு தெரிஞ்சுக்கிட்டே தொடச்சிக்கிட்டு நின்னீரு. இனிமே இங்கன டீ குடிக்க வராதேயும்.”