பத்து மணிக்கு அளந்த மீன்

எண்ணூர்க் கழிமுகத்தில் வலை போடும் சுயம்புவுக்குப் படித்தவர்களைப் பார்த்தாலே ஒரு வேடிக்கை. மண் ஆராய்கிற துரை வந்தார். ஒரு வாரம் இவன் படகில் சுற்றிவிட்டுச் சேற்றைப் பற்றியே பேசிக்கொண்டு போனார். பிறகு கொசு டாக்டர். அவருக்குக் கழிமுகம் முழுக்கக் கொசு முட்டைதான். அதே தண்ணீர், அதே படகு! சுயம்புவுக்கு அது புரியவே இல்லை.

1928இல் வந்த மீன் ஆபீசர் விஷயம் வேறு. இவன் வலை மீன்குஞ்சை அழிக்கிறதா என்று எழுத வந்தவர். ஆமாம் என்று எழுதினால் வலை போடத் தடை. சுயம்புவுக்கு வேறு தொழில் கிடையாது.

ஆபீசர் தங்கமான மனுஷர். மாமியார் வீட்டு இட்லியை முடிக்காமல் ராயபுரத்தை விட்டுக் கிளம்பமாட்டார் என்று மட்டும் ஊரில் பேச்சு. எட்டு நாளும் பத்து மணிக்கு வந்து, கூடையைக் கவிழ்த்து, ஒவ்வொரு மீனாக அளந்தார்.

"மன்னிச்சுக்கோப்பா. எல்லாம் விரல் நீளந்தான்."

சுயம்பு வீட்டில் போய்ச் சொன்னதும் பெண்டாட்டி சொக்கம்மாள் சிரித்துவிட்டாள்.

"பொழப்பே போவுது, சிரிக்கிறியேடி!"

"மடவ, கொடுவான்னு பெரிய மீனு எல்லாம் விடியக்காலமே என் தலையில திருவொத்தியூரு சந்தைக்குப் போயிடுது. உங்க ஆபீசரு பத்து மணிக்கு வந்து மிச்சத்த அளந்துகினு கீறாரு!"

எட்டு நாளும் பக்கத்திலேயே நின்ற சுயம்புவுக்கு இது தோன்றவில்லை. மறுநாளே ஆபீசரைக் கெஞ்சினான். அவரும் பாவம், பசி வயிற்றோடு ஜட்கா பிடித்து ஐந்து மணிக்கு வந்துவிட்டார். முழங்கை நீள மீன்களை அளந்து அளந்து பூரித்தார். சுயம்புவுக்கு உயிர் வந்தது.

கூடையைத் தூக்க வந்த சொக்கம்மாளிடம் ஆபீசர் கேட்டார்: "அம்மா, பொடி மீன் தினமும் எவ்வளவு விழும்?"

"ரெண்டு கூடை விழும் சாமி. கருவாட்டுக்குக் கூட ஆவாது. கரையிலயே கொட்டிடுவோம்."

"இன்னாடி இப்படிப் போட்டுக் குடுக்கற?" என்று சுயம்பு பல்லைக் கடித்தான்.

"கேட்டாரு, சொன்னேன். அவருக்குப் பொடிசு, உனக்குப் பெர்சு. ரெண்டையும் நான்தான வாருறேன்?"

வலை போடலாம், பொடி மீன் தப்பிப் போகும்படி வலைக்கண் மட்டும் பெரிதாக இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சுயம்பு நான்கு நாள் முணுமுணுத்துக்கொண்டே புது வலை பின்னினான். ஐந்தாம் நாள் கேட்டான்:

"ஏமே, நாளைக்கு நானும் சந்தைக்கு வரட்டா?"

"எதுக்கு?"

"சும்மாதான். அங்க இன்னா நடக்குதுன்னு பார்க்க."

"வா. ஆனா கூடை உன் தலையில."