மணிக்கட்டு அளவு ஈரம்

ஈரத்துக்காகக் காத்திருப்பவன் மண்ணை நம்புகிறானா, வானத்தை நம்ப மறுக்கிறானா? ஹம்மாதிக்குப் பக்கத்து வயல்காரனாக இருபது வருஷம் இருந்தும் எனக்கு இது விளங்கவில்லை.

சாவியா சமவெளியில் எங்கள் பார்லிக்கு வாய்க்கால் கிடையாது, மழைதான். ஊரில் கைராசிக்காரர் ஒருவர் மாதுளம்பழத்தை ஏர்க்கொழுவில் உடைத்து முதல் கைப்பிடி விதையைத் தூவும்வரை யாரும் விதைக்கமாட்டோம். அப்போது ஹம்மாதிதான் அந்த ஆள். மழை பெய்ததும் வயலில் மண்டியிட்டு மண்ணைக் கையால் குடைவார். முழங்கைவரை ஈரம் இருந்தால் சரி. இல்லையென்றால் கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அதில் பெரிய ஞானம் இருந்தது என்று சொல்லமாட்டேன். அவர் காத்திருந்ததால் விதைப்பு தள்ளிப்போய், கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் அனல்காற்று அடித்துப் பதரான வருஷங்களும் உண்டு. இருந்தாலும், அத்திப்பழ வத்தலை மென்றபடி ஊரே ஒருவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காலைகளுக்காக இன்றும் ஏங்குகிறேன். இப்போது அவரவர் கைபேசியைப் பார்த்து அவரவர் விதைக்கிறோம்.

ஒரு வருஷம் அக்டோபர் தொடக்கத்திலேயே மழை வந்தது. முந்தைய வருஷத் தாமதத்தில் பாதி விளைச்சலை இழந்திருந்த எங்களுக்குப் பொறுமை இல்லை. பள்ளத்து வயல்காரன் கத்தூர் கோவேறு கழுதையை ஏரில் பூட்டியே வைத்திருந்தான்.

“அண்ணே, உங்க கை நனையுறதுக்குள்ள என் கழுதை கிழடாயிடும்.”

“மணிக்கட்டு வரைக்கும்தான்டா ஈரம். முளைக்கும். அப்புறம் எதக் குடிக்கும்?”

“நீங்க பழத்த உடைங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

ஹம்மாதி உடைத்தார். கத்தூரின் வயலிலேயே முதல் கைப்பிடியைத் தூவினார். நாங்கள் எல்லாரும் விதைத்தோம். அவர் மட்டும் தன் இரண்டு மூட்டை விதையை அவிழ்க்கவில்லை. எங்கள் வயல்கள் பச்சையானபோது, பழுப்பாகவே கிடந்த அவர் வயலைக் காட்டிச் சிரித்தோம்.

அதன்பின் ஐம்பது நாள் மழையே இல்லை. காய்ந்த முளைகளில் ஆடுகளை விட்டோம். சிரிப்பு வசையானது. எங்களுக்கு ராசியைக் கொடுத்துவிட்டுத் தன் விதையைப் பதுக்கிக்கொண்டார் என்றார்கள். சந்தையில் அவரோடு உட்கார்ந்து தேநீர் குடிக்க ஆள் இல்லை. அவர் எச்சரித்தது உன் காதில் விழுந்ததுதானே என்று யாரும் கத்தூரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரியில் மூன்று நாள் விடாத மழை. இந்தமுறை ஈரம் ஆழமாக இறங்கியிருந்தது. ஆனால் ஊரில் மிச்சமிருந்த விதை அவருடைய இரண்டு மூட்டைதான். அதுதான் அந்த வீட்டின் அடுத்த வருஷத்து ரொட்டி. அவர் மனைவி மஹ்ஜூபா அவரிடம் சொன்னதை என் மனைவி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள்: “நம்ம நெலத்துக்கு இது சரியா இருக்கும். ஊர்வாய நெனச்சுக்கிட்டு நிக்காதீங்க.”

காலையில் ஹம்மாதி மூட்டைகளைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். தன் வயலுக்குள் இறங்கவில்லை. வரப்பைத் தாண்டிப் பள்ளத்துக்குப் போனார். கத்தூர் ஓடிவந்தான்.

“அண்ணே, உங்க வயலு மேலதான இருக்கு?”

“தெரியும். கழுதையப் பூட்டு.”

சாயங்காலத்துக்குள் கத்தூரின் வயலிலேயே இரண்டு மூட்டைகளும் காலியாகிவிட்டன. பள்ளத்தில் ஈரம் நிற்கும் என்ற கணக்கா, முதல் கைப்பிடியின் உறுத்தலா என்று பலமுறை கேட்டிருக்கிறேன். பேச்சை ஆட்டுக்குட்டிகள் பக்கம் திருப்பிவிடுவார். ஜூனில் அந்தப் பயிர் விளைந்து, கத்தூர் அறுவடைக்கு அழைத்து ஆள் அனுப்பினான். ஹம்மாதி போகவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு கூலிக்கு வடக்கே போய்விட்டார்.