வெயிலில் காய்ந்த விதை உளுந்து

எங்கள் வீட்டில் அக்கா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவள் ஒன்பதாவது, நான் ஐந்தாவது. அவள் வாயைத் திறந்தால் அப்பா சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டுக் கேட்பார். நான் திறந்தால் "சும்மா இருடி". எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம்தான் நில உச்சவரம்புக்கு மேலிருந்த பண்ணை நிலத்தில் ஒரு ஏக்கருக்கு அரசாங்கம் அப்பா பெயரில் பட்டா கொடுத்திருந்தது. கூலிக்காரனுக்கு நிலம் எதற்கு, ஒரு போகத்தில் விட்டுவிட்டு ஓடுவான் என்று பண்ணைக் களத்தில் பேசிச் சிரித்தார்கள். தை மாதம், சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து தெளிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா விவசாய ஆபீசிலிருந்து ஒரு கறுப்புப் பொடிப் பொட்டலம் வாங்கி வந்தாள்.

"இதுல பாக்டீரியா இருக்குப்பா. வேர்ல முடிச்சு போட்டுக் குடியிருக்கும். காத்துல உள்ள நைட்ரஜனைப் புடிச்சு அமோனியாவாக்கும். அதுலேருந்துதான் அமினோ அமிலம். அதெல்லாம் கோத்துக்கிட்டாத்தான் உளுந்துல புரதம்."

"அமிலமா? வேரு வெந்துடாதா பாப்பா?" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அதையே நான் கேட்டிருந்தால் மக்கு என்றிருப்பார்கள்.

"நல்லா வெளைஞ்சா நீ மேல படி. இல்லேன்னா அம்மாவோட நடவுக்கு வந்துடு" என்றும் அப்பா அக்காவிடம் சொன்னார். என் காதில் ஏறியது முதல் பாதி மட்டும்தான்.

தெளிக்கிற அன்று எனக்குக் காய்ச்சல் விட்டு ஒருநாள், பள்ளிக்கூடம் போகவில்லை. அக்கா ஆறின கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதையைப் புரட்டி, கொட்டகை நிழலில் சாக்கு விரித்துப் பரப்பினாள். "வெயில் பட்டா அதுங்க செத்துடும்டி. கோழி வராம பாத்துக்க."

கோழியை நன்றாகவே பார்த்துக்கொண்டேன். அவள் பஸ் போன சத்தம் கேட்டதும் சாக்கை வாசல் வெயிலுக்கு இழுத்தேன். எங்கள் தெருவில் விதை என்றாலே வெயிலில்தான் காயும். மத்தியானம் வந்த அப்பா, "நல்லா காஞ்சிருக்கே" என்று என் தலையைத் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு எனக்கு இனித்தது.

மாசி முடிவதற்குள் செடி வெளிறிவிட்டது. அக்கா ஒன்றைப் பிடுங்கி, வேரை வாய்க்கால் தண்ணீரில் அலசினாள். முடிச்சு இரண்டோ மூன்றோ இருந்தன. என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பொட்டலம் பழசு போலருக்குப்பா" என்றாள்.

இவ்வளவு படித்தவளுக்கு இதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் குதித்தேன். அறுத்த உளுந்து அடுத்த விதைக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும்தான் தேறியது; விற்க மிஞ்சவில்லை. நிலத்தை அப்பா விடவில்லை.

ஆனியில் குறுவை நாற்றுப் பறிக்க அம்மாவோடு அக்காவும் போனாள். அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸ் எனக்கு வந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. அம்மாவும் அவளும் ஒரே தூக்குவாளியோடு வரப்பில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி அவளுக்கு வீட்டுப்பாடமே கிடையாது, கொடுத்துவைத்தவள் என்று பொருமினேன்.