கண்டக்டர் மங்கக்காவின் ஓட்டம்

அல்சூர் ஏரிக்கரையில் ஓடும்போது வளைவு வந்தால் போதும், மங்கக்காவின் இடது கை தானாகத் தலைக்கு மேலே போய் எதையோ தேடும். பிடித்துக்கொள்ள அங்கே கம்பி ஏதும் கிடையாது. விடிகாலைப் பனியும் ஒரு புங்கமரக் கிளையும்தான். ஒரு விநாடி துழாவிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி கை கீழே இறங்கிவிடும். பத்தொன்பது வருஷமாக பெங்களூர் பி.எம்.டி.சி. பஸ்ஸில் கண்டக்டராக நின்றுகொண்டிருப்பவர். "அக்கா, கம்பி இல்லை" என்று நான் பின்னாலிருந்து குரல் கொடுப்பேன். "தெரியும் சார். எனக்குத் தெரியும், கைக்குத்தான் தெரியல" என்பார்.

முழுப் பெயர் அலர்மேல்மங்கை. சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டையில் அவ்வளவுக்கும் இடம் போதாமல் பாதியை வெட்டிவிட்டார்கள். டிப்போவில் கன்னடக்காரர்களுக்கும் சரி, ஜோகுபாளையத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கும் சரி, அவர் மங்கக்கா. வயது நாற்பத்தேழு. குட்டை உருவம், அகன்ற தோள். ஏதோ ஒரு ஓட்டத்தில் இனாமாகக் கொடுத்த டி-ஷர்ட், மகள் வாங்கித் தந்த டிராக் பேன்ட், கொண்டையில் கனகாம்பரம். பூ இல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூட அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

ஓட்டத்தில் துள்ளல் கிடையாது. பாதத்தை முழுசாகத் தரையில் வைத்து, முழங்காலைத் தளர்த்தி, பிரேக் போட்டாலும் விழாத ஆள் எப்படி நிற்பாரோ அப்படியே ஓடுவார். மூச்சு வாங்காமல் பேசுவார். ஏரிக்கரையில் நாலு பேர் கைகோத்த மாதிரி வரிசையாக நடந்து வழியை அடைத்தால், "முந்தே ஹோகி, முந்தே! முன்னால ஜாகா இருக்குதில்ல, சைடு குடுங்கோ!" என்று ஒரு அதட்டல். அதற்கு ஒதுங்காதவர் பெங்களூரில் இல்லை. ஒரு ரிட்டயர்டு கர்னல் ஒதுங்கி நின்றதோடு, தன்னை அறியாமல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

கிலோமீட்டர் கணக்கு அவருக்குப் பிடிப்பதில்லை. பஸ் டிக்கெட் கணக்குதான்: இரண்டு கிலோமீட்டர் ஒரு ஸ்டேஜ். ஹாஃப் மாரத்தான் என்றால் பத்து ஸ்டேஜும் கொசுறும். "இன்னும் ரெண்டே ஸ்டேஜு, வாங்கோ" என்பார், நாக்கு தள்ளிக் கிடக்கிற எங்களிடம். தண்ணீர் விஷயத்தில் மட்டும் மகள் கிருத்திகாவுக்கும் அவருக்கும் தினம் சண்டை. வழியில் எத்தனை மேஜை போட்டு நீட்டினாலும் இரண்டே மடக்கு. "டியூட்டியில தண்ணி குடிச்சா எறங்க எடம் ஏதுடி? அப்டியே பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொள்வார்.

அவரை ஓட வைத்தது வீட்டுக்காரரின் சர்க்கரை. ஜெயராமன் ஒரு தனியார் கல்லூரியில் லேப் அட்டெண்டர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மூன்று வருஷத்துக்கு முன் ரத்தப் பரிசோதனையில் முந்நூற்றுச் சொச்சம் காட்டியது. தினம் நடக்கச் சொன்னார் டாக்டர். இவரும் ஒழுங்காக நடந்தார்: டீக்கடை வரை போவார், ஒரு டீ குடிப்பார், திரும்பி வருவார். இது தெரிந்த அன்றே மங்கக்கா ஷிப்டை மாற்றி வாங்கிக்கொண்டு, காலையில் அவரைக் கையோடு ஏரிக்கரைக்கு இழுத்து வந்தார். ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் கிருத்திகா வந்து சேர்ந்ததும் நடை ஓட்டமானது. பிறகு அதே டிப்போவில் கண்டக்டராக இருக்கும் மமதா வந்தார். அடுத்த சந்திலிருந்து நான். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, பத்து கிலோமீட்டருக்கு மேல் என் உடம்பு சொன்னபடி கேட்காது. ஆனால் ஓடி முடித்ததும் சாப்பிடுகிற காரா பாத் என்கிற ரவை உப்புமாவுக்காக எங்கே கூப்பிட்டாலும் போவேன்.

மங்கக்கா முன்னால், ஜெயராமன் பத்தடி பின்னால். இதுதான் எப்போதும். மங்கக்கா திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. "எதுக்குப் பாக்கணும்? ஷூ சத்தம் கேக்குதில்ல" என்பார். அந்தத் தப் தப் சத்தம் கொஞ்சம் மெலிந்தால் இவர் வேகம் குறையும். நின்றால் இவரும் நிற்பார். இரண்டு ஹாஃப் மாரத்தான்களை அப்படியே, ஒரே நிமிஷத்தில் இருவரும் கோட்டைத் தாண்டி முடித்தார்கள்.

இந்த ஓட்டங்களில் கடைசியாக ஒரு வேன் ஊர்ந்து வரும். குறித்த நேரத்துக்குள் முடிக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டம் முடிகிற மைதானத்தில் இறக்கிவிடும். மங்கக்காவுக்கு அந்த வேனைக் கண்டாலே ஆகாது. "பத்தொம்பது வருஷமா ஊரையே ஏத்திட்டுப் போறேன், என்னை ஒருத்தன் வந்து ஏத்துறதா? தவழ்ந்துகூட வருவேன், அந்த வேன்ல ஏற மாட்டேன். என் வீட்டு ஆளுங்களும் ஏறக்கூடாது." இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார். நாங்களும் சிரிப்போம். ஜெயராமன் சிரித்தாரா என்று அப்போது நான் கவனிக்கவில்லை.

இந்த வருஷம் கிருத்திகா விடவில்லை. "அம்மா, நீ அப்பாவுக்காக பிரேக்ல காலை வெச்சுட்டே ஓடுற. ஒரே ஒரு வாட்டி உன் ஸ்பீடுல ஓடிப் பாரேன்." மங்கக்கா ஏதேதோ சாக்கு சொன்னார். கடைசியில் ஜெயராமனே, "போ மங்கா. நான் வந்துர்றேன்" என்றார். அவர் வாயால் சொன்ன பிறகு மறுக்க முடியவில்லை.

ஓட்டம் நடந்த அன்று நான் வழக்கம்போல் பத்து கிலோமீட்டரை ஓடி முடித்து, புல்லில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன். கிருத்திகாவும் மமதாவும் முதலில் வந்தார்கள். எட்டு மணி ஒன்பது நிமிஷத்துக்கு மங்கக்கா வந்தார். இரண்டு மணி முப்பத்தொன்பது நிமிஷம். போன வருஷத்தைவிட அரை மணி நேரம் குறைவு. முகம் முழுக்கச் சிரிப்பு. மமதா அவரைத் தூக்கிச் சுற்றப் பார்த்து, முடியாமல் இருவரும் கீழே விழுந்தார்கள். எழுந்ததும் மங்கக்கா செய்த முதல் காரியம், வந்த வழியைத் திரும்பிப் பார்த்ததுதான்.

எட்டே முக்காலுக்கு நேரம் முடிந்தது. ஜெயராமன் வரவில்லை. "வேன்ல வருவாரு. இன்னிக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார் மங்கக்கா. அஞ்சு நிமிஷம் கழித்து வேன் வந்தது. பதினோரு பேர் இறங்கினார்கள். கதவு மூடிய பிறகும் மங்கக்கா ஜன்னலில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தார். டிரைவர் தவிர யாரும் இல்லை.

உதவி மேஜையில் இருந்த பெண் நம்பரைத் தட்டிப் பார்த்தாள். பதினைந்தாவது கிலோமீட்டரில் நேரம் பதிகிற விரிப்பை அவர் தாண்டியது ஏழு நாற்பத்தெட்டுக்கு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வழியில் இருந்த மருத்துவக் கூடாரங்களுக்கெல்லாம் போன் போட்டாள், எங்கேயும் அப்படி ஒருவர் வரவில்லை. ஜெயராமனின் போன் கிருத்திகாவின் பையில் கிடந்தது. எங்கள் எல்லோருடைய போனும் அந்தப் பையில்தான்.

மங்கக்கா புல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் பார்த்த மங்கக்காக்களில் இப்படி ஒருவரை அதுவரை பார்த்ததில்லை.  "அவருக்குப் பாதத்துல உணர்ச்சி கம்மி சார். கல்லு குத்தினாலும் தெரியாது. சுகர் எறங்கினா எங்கயாவது உக்காந்துருவாரு, யாரையும் கூப்பிட மாட்டாரு. வாயே தொறக்க மாட்டாரு. இது தெரிஞ்சும் வுட்டுட்டு வந்துட்டேன் பாருங்கோ. காதுல சத்தம் கேக்கல, கேக்கலன்னு தெரியுது, அப்பவும் ஓடிட்டே இருந்தேன். நல்லா இருந்துச்சு சார், ஓடறதுக்கு. அதான்."   கிருத்திகா தன் போனை மட்டும் எடுத்துக்கொண்டு, வந்த வழியிலேயே தேடக் கிளம்பிவிட்டாள்.

அப்போது பையில் மங்கக்காவின் போன் அடித்தது. திரையில் 'நாகேஷ் கண்டக்டர்' என்று பெயர். அவர் எடுக்கவில்லை, மமதாதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பின்னணியில் பஸ் இரைச்சல்.

"அக்கா, நம்ம ஜெயராமண்ணா என் வண்டியில இருக்காரு. எங்க எறக்கி வுடணும்னு சொல்லு. கேட்டா மைதானம்ங்கறாரு, எந்த மைதானம்னு சொல்லல. அப்புறம் தூங்கிட்டாரு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நாகேஷ் பயந்தே போய்விட்டார்.

நடந்தது இதுதான். பதினாறாவது கிலோமீட்டரில் ஜெயராமனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பின்னால் வேன் வருவது தெரிந்தது. அதில் ஏறினால் வீட்டில் மரியாதை போய்விடும் என்று, ஒரு சந்து வழியாக ஓட்டப்பாதையை விட்டு வெளியே வந்து, அல்சூரில் சிவாஜிநகர் பஸ்ஸில் ஏறிவிட்டார். பத்து நிமிஷத்தில் மைதானத்துப் பக்கம் போய்விடலாம் என்பது கணக்கு. கண்டக்டர் வீட்டுக்காரருக்கு இது தெரியாமல் போகுமா? தெரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அவர் ஓடுகிற ஓட்டத்துக்காகவே வழியெல்லாம் மூடியிருந்தார்கள். பஸ் அவரை ஏற்றிக்கொண்டு தொம்லூர், விவேக்நகர், ஆஸ்டின் டவுன் என்று ஊரைச் சுற்றி, ஒவ்வொரு சிக்னலிலும் கால் மணி நேரம் நின்றது. டிக்கெட் கேட்டபோது அவரிடம் பையே இல்லை. "மங்கா வீட்டுக்காரன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நாகேஷ் மங்கக்காவிடம் வேலை பழகியவர். பெயர் கேட்டதும் ஜன்னல் சீட்டைக் காலி செய்து உட்கார வைத்து, கையில் பிஸ்கெட் பாக்கெட்டையும் கொடுத்திருக்கிறார்.

"சாப்பிட்டாரா?" என்றார் மங்கக்கா. அதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

"முழு பாக்கெட்டும் காலி அக்கா. ரிச்மண்ட் சர்க்கிள் தாண்டிட்டோம். அஞ்சு நிமிஷத்துல உங்க பின் கேட் ஸ்டாப்."

அப்பாடா என்று நான் வாய்விட்டே சொன்னேன். நிம்மதி என்பது காலில் இறங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை இருந்த வலியைக் காணோம். கிருத்திகாவைப் போனில் பிடித்துத் திரும்பி வரச் சொன்னோம். அதற்குள் மங்கக்கா ஓட ஆரம்பித்திருந்தார். இருபத்தொரு கிலோமீட்டர் ஓடி முடித்தவர், கழுத்தில் மெடல் குதிக்க, மைதானத்தின் பின் கேட்டைப் பார்த்து அப்படி ஓடினார். நானும் மமதாவும் பின்னால். "அக்கா, இந்த ஸ்பீடை மொதல்லயே போட்டிருந்தா ரெண்டரைக்குள்ள முடிச்சிருப்பே!" என்று மமதா கத்தினார். எனக்குச் சிரிப்பில் மூச்சு அடைத்தது.

போகிற வழியெல்லாம் மங்கக்கா திட்டிக்கொண்டே ஓடினார். "வரட்டும். வாயில்லா பூச்சி! ஒரு போன் பண்ணச் சொல்லக் கூடாதா? பக்கத்துல ஆளே இல்லையா? பேஜார் புடிச்ச மனுஷன். வரட்டும், இன்னிக்கு இருக்கு அவருக்கு."

பஸ் வந்து நின்றது. முன் கதவில் ஜெயராமன். ஒரு கையில் காலி பிஸ்கெட் பாக்கெட், நெஞ்சில் இன்னும் கழற்றாத ஓட்ட நம்பர். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவர் மங்கக்காவைப் பார்த்தார், மெடலைப் பார்த்தார்.

"எத்தினி மணிக்கு முடிச்சே?" என்றார்.

 "ஏங்க வேன்ல ஏறல?" என்றார் மங்கக்கா. 

"நீதானே ஏறக்கூடாதுன்னே." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "இது நம்ம வண்டி. அதான் ஏறினேன்."

வழியெல்லாம் சேர்த்து வைத்த திட்டு ஒன்றுகூட வெளியே வரவில்லை. மங்கக்கா அவர் தோளை அழுத்திப் பஸ் படியிலேயே உட்கார வைத்தார். தானும் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஷூவைக் கழற்றினார். வியர்வையில் ஒட்டியிருந்த சாக்ஸை உரித்தார். பாதத்தைத் திருப்பி, குதிகாலை விரலால் தடவி, ஒவ்வொரு விரலாக விலக்கி விலக்கி, இடுக்கில் கீறல் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். ஜெயராமன் வெட்கப்பட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

பின்னால் இரண்டு பஸ் வந்து நின்றுவிட்டன. நாகேஷ் பஸ்ஸின் டிரைவர் ஒரு முறை ஹாரன் அடித்தார். "அக்கா, டைம் ஆயிடுச்சு" என்று நாகேஷ் பின் கதவிலிருந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். டிரைவர் இன்னொரு முறை, நீளமாக அடித்தார்.

மங்கக்கா நிமிரவே இல்லை. வலது காலைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாக லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.