திமிங்கிலத்துக்குப் போட்ட குரவை

பிள்ளைகளே, போன கிழமை என் அக்காவின் மகள் போனில் ஒரு திமிங்கிலத்தைக் காட்டினாள். திருகோணமலைக் கடலில் யாரோ எடுத்த வீடியோ. "மாமா, நம்மளும் போவமா?" என்று கேட்டாள். போவம் என்றேன். சொன்ன கையோடு, விடியச் சாமம் முதல் பஸ்ஸில் ஏறினால் சனம் குறைவு, தண்ணீரை வீட்டிலிருந்தே போத்தலில் அடைத்துக்கொள்ளலாம், சோறு கட்டிக்கொண்டு போனால் கடையில் சாப்பிடத் தேவையில்லை என்று நான் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டு போனேன். பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. "சோத்துப் பார்சலோடயா மாமா? ஆக்கள் பாப்பாங்களே."

அந்த முகம் எனக்கு நல்ல பழக்கம். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது இரண்டு நாள் முழுக்க அதே முகத்தை வைத்துக்கொண்டு நான் பயணம் செய்திருக்கிறேன். நான் அவளுக்குச் சொன்னதெல்லாம் என் சொந்தப் புத்தியும் இல்லை. எல்லாம் பெரியம்மா சொல்லித் தந்தது.

சண்டை ஓய்ந்து, வெருகல் பக்கத்துப் பாலங்கள் கட்டி முடிந்த புதிசு அது. மட்டக்களப்பிலிருந்து கரையோரமாகவே திருகோணமலைக்குப் போகலாம் என்று ஆனதும் எங்கள் பழுகாமத்துச் சனம் சும்மாவும் போய்வரத் தொடங்கியது. என் வகுப்பில் ஒருவனுடைய தகப்பன் கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தார். லீவுக்கு வான் பிடித்துத் திருகோணமலைக்குப் போகிறோம், கடற்கரை ஹோட்டலில் தங்குகிறோம், போட்டில் போய்த் திமிங்கிலம் பார்க்கப்போகிறோம் என்று அவன் வகுப்பில் சொன்னான். எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "நாங்களும் போறம்" என்றேன்.

அப்படி ஒரு யோசனை எங்கள் வீட்டில் யாருக்குமே இருக்கவில்லை. அப்பா வயல் வெட்டில் நின்றார். அம்மாவுக்குக் கைக்குழந்தை. இரண்டு நாள் நான் சாப்பிடாமல் கிடந்த பிறகு பெரியம்மாதான் கேட்டார்.

"என்னடா மனே பிரச்சினை?"

சொன்னேன்.

"இதுக்கா அழுற? நான் கூட்டிப் போறன் வா. நானும் அந்தப் பெரிய மீனைக் கண்டதில்ல."

பெரியம்மா என்றால் அம்மாவின் மூத்த அக்கா. பெரியப்பா வட்டையில் வயல் காவலுக்குப் போன இடத்தில் பாம்பு தீண்டிச் செத்துப்போனார். பிள்ளைகள் இல்லை. எங்கள் வளவிலேயே ஒரு சின்ன வீட்டில் பெரியம்மா தனியே இருந்தார். கதிர்காமம், மடு, நயினாதீவு என்று அவர் போகாத இடமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு சீலைப் பை. கையில் காசு இல்லாதது அவருக்கு ஒரு தடையாகவே தெரியாது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விடியுமுன் பட்டிருப்புப் பாலம் கடந்து மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டோம். திருகோணமலை பஸ்ஸில் ஏறியவுடன் பெரியம்மாவின் சட்டங்கள் தொடங்கின. வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து மற்றப் பக்கத்தில் இருக்க வேண்டும். குமட்டினால் மணக்க ஆளுக்கொரு தேசிக்காய். பையில் வாழையிலையில் கட்டிய சோறு, மாசிச் சம்பல், பொரித்த கருவாடு. அந்தக் கருவாட்டு வாசம் பஸ்ஸின் கடைசிச் சீற் வரைக்கும் போய் ஆட்களை எழுப்பியது. மடியிலே ஒரு தயிர்ச் சட்டி.

"தயிர் ஆருக்குப் பெரியம்மா?"

"நம்ம தங்கப் போற வீட்டுக்கு. வெறுங்கையோட போகலாமா?"

"ஆர்ட வீடு?"

"இனித்தான் பாக்கணும்."

உறவுக்காரரை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும். தயிர் மட்டும் தயார்.

வாகரை தாண்டியதும் பெரியம்மா பக்கத்துச் சீற்றில் இருந்த ஒரு பொம்பிளையிடம் கதை கொடுத்தார். நீங்க எந்த ஊர், உங்கட அம்மா எந்த ஊர், அம்மாவுக்கு அம்மா எந்த ஊர். பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டுக்கொண்டே போய், கடைசியில், "அப்ப நீங்க எந்தக் குடிகா?" என்றார். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாகத்தான் வரும். ஒரே குடி என்றால் முன்பின் கண்டிராதவர்களும் சகோதரம்தான். அந்தப் பொம்பிளை தன் குடியைச் சொன்னார். பெரியம்மா கையைத் தட்டினார். "அடி ஆத்தே! நீ என்ட தங்கச்சியெல்லோ!"

அவர் வெருகலில் பிறந்து திருகோணமலையில் கலியாணம் கட்டியவராம். இறங்குவதற்குள் அவர் எனக்குச் சின்னம்மா ஆகிவிட்டார். அன்றிரவு அவர்களுடைய விறாந்தையில்தான் படுத்தோம். தயிர்ச் சட்டி உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டு மருமகன் சுற்றுலாக்காரரைக் கடலுக்கு ஏற்றிக்கொண்டு போகும் போட் ஓட்டுபவர். விடிந்தால் போட்டில் இரண்டு இடம் மிச்சம் இருக்கும், எஞ்சினுக்குப் பக்கத்தில், சத்தத்தையும் புகையையும் பொறுத்துக்கொண்டால் குறைத்த விலைக்கு வரலாம் என்றார். பெரியம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். யாரோ ஒருவர் வீட்டு விறாந்தையில் ஓசியில் படுத்திருக்கிறோமே என்று நான் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டேன். ஒரு ஆறுதல் இருந்தது. இதையெல்லாம் கட்டார்க்காரரின் மகன் பார்க்கப்போவதில்லை.

காலையில் கடற்கரைக்குப் போனால், அந்தப் போட்டில் முதல் ஆளாக ஏறி இருந்தது அவன்தான்.

கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். தாய், தகப்பன், தங்கச்சி எல்லோரும் முன் வாங்கில் இருந்தார்கள். இரண்டு வெள்ளைக்காரரும் கமராவோடு இருந்தார்கள். அவன் என்னைக் கண்டதும் சந்தோசமாகக் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா சீலையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, செருப்பைச் சொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு, "தம்பி, கையைத் தாங்கோ!" என்று போட்டுக்காரரைப் பிடித்து ஏறினார். லைஃப் ஜாக்கெட்டைப் பின்முன்னாகப் போட்டுக்கொண்டார். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, சின்னம்மா விடியக் கட்டித் தந்த சோற்றை எடுக்கப் பையை அவிழ்த்தார்.

"மனே, ஒரு வாய் சோறு தின்னு. வெறு வயித்தோட கடலுக்குப் போகக் கூடா."

"எனக்கு ஒண்ணா, வேணாம்" என்றேன், அவர் பக்கம் திரும்பாமலே.

போட் வெளிக்கிட்டது. கோணேசர் கோயில் மலை சின்னதாகிக்கொண்டு போனது. வாவியில் தோணி ஓடுவதுதான் எனக்குத் தெரியும். அங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் கரையும் தென்னையும் இருக்கும். இங்கே ஒன்றுமில்லை. போட்டுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் சொன்னார்: "இனி ஒருத்தரும் சத்தம் போடக் கூடாது. அது மேல வந்தா மெல்லமாப் பாருங்க. சத்தம் கேட்டா தண்ணிக்குள்ள தாண்டிடும், மறுகா எப்ப வருமெண்டு சொல்லேலாது."

இருந்தோம். வெயில் ஏறியது. ஒன்றும் வரவில்லை. இன்னொரு இடத்துக்குப் போய் இருந்தோம். கட்டார்க்காரரின் மகள் சத்தி எடுத்தாள். பெரியம்மா தன் தேசிக்காயை ஆள் ஆளாகக் கைமாற்றி அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பினார். வாங்கிய தாய் பெரியம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு அதுவும் வெட்கம்தான். திமிங்கிலத்தைக் காணாமல் திரும்பினால் வகுப்பில் என்ன சொல்வது என்ற கவலை ஒரு பக்கம். பெரியம்மா அடுத்து என்ன செய்வாரோ என்ற கவலை மறுபக்கம்.

போட்டுக்காரர் வாயைத் திறக்காமல் கையை நீட்டினார்.

முதலில் புகை மாதிரித் தண்ணீர் எழும்பியது. பிறகு முதுகு வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஒரு வீட்டுக் கூரை தண்ணீருக்குள்ளிருந்து எழும்பி வருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். கருநீலம். அதன் மேலே தண்ணீர் வழிந்து ஓடியது. போட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நானும் எல்லாவற்றையும் மறந்துபோனேன்.

அப்போதுதான் என் பின்னாலிருந்து குரவை கிளம்பியது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கலியாணத்தில் தாலி ஏறும்போது, கோயிலில் அம்மன் வெளியே வரும்போது, எங்கள் பொம்பிளைகள் நாக்கை அசைத்து ஒரு நீட்டு நீட்டிக் குரல் எழுப்புவார்கள். அதுதான் குரவை. வேறு நேரத்தில் ஒருவரும் போடுவதில்லை. கடலுக்கு நடுவில், சத்தம் போடாதே என்று சொன்ன போட்டில் எழும்பி நின்று, கண்ணை மூடாமல், கைகள் இரண்டையும் நெஞ்சில் சேர்த்துக்கொண்டு பெரியம்மா குரவை போட்டார். குரல் கடல் முழுக்கப் போனது.

திமிங்கிலம் வாலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கீழே போய்விட்டது.

"ஆரம்மா அது!" என்று போட்டுக்காரர் கத்தினார். முந்தின இரவு தயிர் சாப்பிட்டவர்தான். வெள்ளைக்காரர் இருவரும் கமராவை இறக்கிவிட்டுத் தலையை அசைத்தார்கள். "இதென்ன கோயிலா? பிள்ளையள் இன்னும் சரியாப் பாக்கவும் இல்ல" என்று கட்டார்க்காரர் எரிச்சலோடு சொன்னார். அவருடைய மகன் விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கேட்டான்:

"டேய், அவ உன்னோட வந்தவவா?"

என் முகம் பற்றி எரிந்தது. நான் வாயைத் திறக்குமுன் பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான்.

"இல்ல தம்பி," என்றார். "நான் தனிய வந்தன். இந்தப் பிள்ளைய எனக்குத் தெரியா."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதைத்தான் இப்போது எழுதக் கூசுகிறது. அந்த நேரம் பெரியம்மா சரியான கெட்டிக்காரி என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு வேறொரு திமிங்கிலம் தூரத்தில் மூச்சு விட்டது. எல்லோரும் படம் எடுத்தார்கள். ஒருவருக்கும் ஒரு குறையும் வரவில்லை. நான் எழும்பிப் போய்க் கட்டார்க்காரரின் மகனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டேன். கரைக்கு வந்ததும் பெரியம்மா ஒருவரோடும் பேசாமல் இறங்கி முன்னுக்கு நடந்துபோய்விட்டார். அவர்களுடைய வான் வெளிக்கிட்டுப் போகும்வரை நான் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். பிறகு தேடினேன். கவிழ்த்துப்போட்ட ஒரு தோணிக்கு மறைவில், மணலில், சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு இருந்தார். எனக்கென்று கருவாட்டுத் துண்டை ஒதுக்கி வைத்திருந்தார்.

"அந்தப் பொடியன் போயிட்டானா மனே?"

"ஓம்."

"அப்ப வா. பசிக்குமெல்லோ."

பஸ்ஸில் வரும்போது பெரியம்மா யாரிடமும் குடி கேட்கவில்லை. ஜன்னலோரம் இருந்து தன்பாட்டில் சிரித்துக்கொண்டே வந்தார். இவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் எப்படிச் சிரிக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே அம்மாவிடம் போனேன். அம்மா குசினி வாசலில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். திமிங்கிலத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "அம்மா, பெரியம்மாவோட இனி நான் ஒரு இடமும் போக மாட்டன். போட்டுக்குள்ள எழும்பி நிண்டு குரவை போட்டுட்டா. எல்லாரும் ஏசினாங்க" என்றேன்.

அம்மாவின் கை நின்றது.

"ஆர் போட்டது?"

"பெரியம்மாதான்."

"சும்மா சொல்லாத மனே. உங்கட பெரியப்பா செத்த நாளில இருந்து அவ குரவை போட்டதே இல்ல. தாலி அறுத்தவ போடக் கூடாதெண்டு கலியாண வீடெண்டா குசினிக்குள்ள போயிருவா. உன்ட அக்கா சாமத்தியப்பட்டதுக்கு நான் காலைப் பிடிக்காத குறையாக் கேட்டன். வாய் திறக்கல்ல."

"போட்டவதான் அம்மா. நான் கேட்டன்."

"எப்பிடிப் போட்டா? நீட்டிப் போட்டாவா?"

"ஓம்."

"குரல் உடைஞ்சு போகல்லையே?"

"இல்ல. பெரிய சத்தம். அதுதான் எல்லாருக்கும் கோபம்."

"எழும்பி நிண்டா?"

"எழும்பி நிண்டுதான்!"

அம்மா சுளகைத் தள்ளி வைத்தார். சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே சிரித்தார். பெரியம்மாவின் வீட்டுப் பக்கம் திரும்பி, "அக்கோ! ஏ அக்கோ!" என்று கூப்பிட்டுக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஓடினார்.

நான் முறைப்பாடு சொல்ல வந்தவன். எனக்காக ஒரு வார்த்தை ஏசுவார் என்று பார்த்தால், ஏதோ நல்ல செய்தி கேட்டவர் மாதிரி ஓடுகிறார். இந்த வீட்டில் வெட்கம் என்பது ஒருவருக்கும் கிடையாது என்று முணுமுணுத்துக்கொண்டு நான் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன்.